அலகை உடைத்துக்கொள்ளாத கழுகு

கேள்வி: ஐயா, எனக்கு 47 வயது. எங்கள் சபையில் 15 ஆண்டுகளாக ஞாயிறு பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். நான்கு ஆண்டுகளுக்கு முன் மார்பில் கட்டி என்று அறுவை சிகிச்சை செய்து, தொடர்ந்து மருந்து ஏற்றினார்கள். அப்போது ஒரு கன்வென்ஷனில் கேட்ட கழுகுக் கதைதான் என்னைத் தாங்கியது. 40 வயதில் கழுகின் அலகு வளைந்து, நகம் மழுங்கி, சிறகு கனத்துவிடும். அது மலையுச்சிக்குத் தனியே போய், பாறையில் மோதி அலகை உடைக்கும். புது அலகு முளைத்ததும் நகங்களையும் இறகுகளையும் பிடுங்கிப்போடும். 150 நாள் கழித்துப் புதிதாய்ப் பறந்து இன்னும் 30 ஆண்டு வாழும். 'இதுதான் என் பாறை' என்று நினைத்து, பக்கத்து வீட்டு அக்காள் ஆஸ்பத்திரிக்குக் கூட வருகிறேன் என்றபோதுகூட மறுத்துவிட்டேன். ஏசாயா 40:31-ஐ மருந்துச் சீட்டின் பின்புறம் எழுதித் தலையணைக்கு அடியில் வைத்திருந்தேன். இந்த மே மாதம் விபிஎஸ் (விடுமுறை வேதாகமப் பள்ளி) வகுப்பில் கதையைச் சொன்னபோது, எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் எழுந்து, "அலகு இல்லாமல் ஐந்து மாதம் அது எதைத் தின்னும், டீச்சர்?" என்றான். பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். விசாரித்தால் கதையே பொய் என்கிறார்கள். அந்தப் பையனுக்கு என்ன சொல்வது? எனக்குக் கிடைத்த பெலனும் பொய்தானா? செப்டம்பரில் மறுபரிசோதனை வருகிறது, மனம் கலங்கியிருக்கிறது.
- ஒரு சகோதரி, தூத்துக்குடி மாவட்டம்

பதில்: அன்புச் சகோதரிக்கு,

முதலில் என் பங்கை ஒப்புக்கொள்கிறேன். இதே கதையை நானும் மூன்று பிரசங்கங்களில் சொல்லியிருக்கிறேன். அதில் ஒன்று, பணி ஓய்வு பெற்ற ஒரு தலைமையாசிரியருக்கு நடந்த ஸ்தோத்திரக் கூட்டம். கூட்டத்தில் ஆசிரியர்களே நாற்பது பேர் இருந்தார்கள். ஒருவரும் உங்கள் மாணவனைப்போல எழுந்து கேட்கவில்லை.

கதை நடக்காது. பறவையின் அலகு நம் நகத்தைப்போல வளர்ந்துகொண்டே இருப்பது. உபயோகத்தில் தேய்ந்துகொண்டும் இருப்பது. மீன்பிடித் துறைமுகத்துக்குப் பக்கத்தில் நான் குடியிருந்த நாட்களில், ஒரு செம்பருந்து தினமும் எங்கள் தெரு முனைக் கம்பத்துக்கு மீனோடு வரும். தின்று முடித்ததும் அலகை அந்தச் சிமெண்டில் இந்தப் பக்கம் ஒரு தடவை, அந்தப் பக்கம் ஒரு தடவை இழுக்கும், கசாப்புக்காரர் கத்தி தீட்டுவதைப்போல. அழுக்கும் போகும், வடிவும் நிற்கும். அலகைப் பாதுகாக்க அதற்கு அந்த அரை நிமிடம் போதும். அடியோடு உடைந்தால் அதனால் இரையைக் கிழிக்க முடியாது, பட்டினியில் செத்துப்போகும். இறகும் அப்படித்தான்: பெரிய பறவைகள் சில சிறகுகளை உதிர்த்து, அவை முளைத்தபின் வேறு சிலவற்றை உதிர்க்கும். முழுச் செட்டையும் மாற இரண்டு ஆண்டுக்கு மேலும் ஆகலாம். அதற்காகப் பறப்பதை அது நிறுத்துவதில்லை. 70 ஆண்டு ஆயுளும் மிகை. அமெரிக்காவில் 1977-ல் காலில் வளையமிட்டு விட்ட வெண்தலைக் கழுகு ஒன்று 2015-ல் வாகனத்தில் அடிபட்டு இறந்தது. அந்த இனத்தில் பதிவான மிக நீண்ட ஆயுள் அது என்றார்கள். அதற்கு வயது 38.

கதை எங்கிருந்து வந்தது? வேர் பழையது. ஆதித் திருச்சபைக் காலத்துக் கிரேக்க நூல் ஒன்றில், மூப்படைந்த கழுகு சூரியனுக்கு அருகே பறந்து பழைய சிறகுகளை எரித்து, ஊற்றில் மூன்று முறை மூழ்கி இளமை பெறுகிறது. ஆதித் திருச்சபைப் போதகர் அகஸ்டின் 103-ஆம் சங்கீதத்துக்குத் தந்த விளக்கத்தில், மேலலகு அதிகம் வளர்ந்து வாய் திறக்க முடியாமல் தவிக்கும் கழுகு அதைப் பாறையில் தேய்த்து உடைப்பதாகச் சொல்கிறார். கவனியுங்கள்: அவருடைய கழுகு உடைப்பது சாப்பிடுவதற்காக. நம் கன்வென்ஷன் கழுகோ உடைத்துவிட்டுப் பட்டினி கிடக்கிறது.

சங்கீதமே என்ன சொல்கிறது? "நன்மையினால் உன் வாயைத் திருப்தியாக்குகிறார், கழுகுக்குச் சமானமாய் உன் வயது திரும்ப வாலவயதுபோலாகிறது." (103:5) வாயைத் திருப்தியாக்குகிறார்! தாவீது வாயை நிரப்பும் தேவனைப் பாடினால், நாங்கள் மேடையில் நின்று வாயை உடைத்துக்கொண்டிருக்கிறோம். சங்கீதத்தில் வேலை செய்கிறவர் கர்த்தர். கதையில் எல்லா வேலையும் கழுகின் தலையில்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எபிரெயத்தில் 'நெஷெர்' என்ற சொல் கழுகுக்கும் பொருந்தும், நாம் பாறு என்கிற பிணந்தின்னிக் கழுகுக்கும் பொருந்தும். மீகா 1:16-ல் "கழுகைப்போல முழுமொட்டையாயிரு" என்று வருவது பாறுவைத்தான். இறகு மூடிய தலையுள்ள கழுகை யாரும் மொட்டை என்று சொல்லமாட்டார்கள். நமக்கு இது புதிதல்ல. திருக்கழுக்குன்றத்து மலையில் சோறு தின்ன வந்துகொண்டிருந்த 'கழுகுகளும்' மஞ்சள்முகப் பாறுகள்தான்.

இஸ்ரவேல் நாட்டுப் பாறைகளில் இன்றும் இவற்றைவிடப் பெரிய வேறு இனப் பாறுகள் உண்டு. கோலான் மேட்டில் காம்லா என்ற இடம் இவற்றுக்குப் பேர்போனது. எட்டு கிலோ அளவு எடை, விரித்தால் எட்டடிச் சிறகு. அவ்வளவு உடம்பை அடித்து அடித்துத் தூக்க அதனால் நெடுநேரம் முடியாது. ஆகவே காலையில் பாறை விளிம்பில் உட்கார்ந்திருக்கும். வெயில் ஏறி, நிலம் சூடாகி, காற்று மேலே எழும்பும்வரை காத்திருக்கும். பிறகு சிறகை விரித்து அந்தக் காற்றின்மேல் சாய்ந்துகொள்ளும். வட்டமிட்டு வட்டமிட்டு உயரும். சிறகு அசைவதே தெரியாது. தலையணைக்கு அடியில் நீங்கள் வைத்திருந்த வசனத்தை இப்போது எடுத்துப் படியுங்கள்: "கர்த்தருக்குக் காத்திருக்கிறவர்களோ புதுப்பெலன் அடைந்து, கழுகுகளைப்போலச் செட்டைகளை அடித்து எழும்புவார்கள்" என்று தமிழில் இருக்கிறது. மூலத்தில் 'அடித்து' இல்லை. சிறகை உயர்த்தி எழும்புவார்கள் என்றே இருக்கிறது.

உங்களுக்குக் கிடைத்த பெலன் பொய்யா என்று கேட்டீர்கள். இல்லை, சகோதரி. மருந்து ஏற்றிய இரவுகளில் நீங்கள் கையில் வைத்திருந்தது அந்தச் சீட்டுதான், கதையல்ல. கதை வந்தது, ஒட்டிக்கொண்டது, தாங்கியது வசனம். ஆனால் கதை ஒரு கெடுதலும் செய்திருக்கிறது. 'தனியே' என்ற ஒரு சொல்லை உங்களுக்குள் விதைத்துவிட்டது. அந்தப் பாறுகள் தனித்து வாழ்வதில்லை. ஒரே பாறையில் கூட்டமாகக் கூடு கட்டுகின்றன. ஒன்று இரையைக் கண்டு இறங்கினால், தூரத்தில் பறப்பது அதைப் பார்த்து இறங்கும், அதைப் பார்த்து இன்னொன்று வரும். "பிணம் எங்கேயோ அங்கே கழுகுகள் வந்து கூடும்" என்று ஆண்டவர் சொன்னது கண்ணால் கண்ட காட்சி. உங்களை ஐந்து மாதம் ஒற்றைப் பாறையில் உட்காரவைத்தது வேதம் அல்ல, எங்களைப்போன்ற பிரசங்கிகள். அதற்காக மன்னியுங்கள்.

பையனிடம் சுற்றி வளைக்க வேண்டாம். வரும் ஞாயிறு எல்லாப் பிள்ளைகளுக்கும் முன்பாக, "நீ கேட்டது சரி, நான் சொன்னது தவறு" என்று சொல்லுங்கள். அன்று சிரித்த பிள்ளைகளும் அதைக் கேட்கட்டும். பிறகு, பாறு எப்படிப் பறக்கிறது என்பதை அவனே தேடி வந்து அடுத்த வாரம் வகுப்பில் சொல்லட்டும். சொல்லி முடித்ததும் ஏசாயா 40-ஐ அவனையே வாசிக்கச் சொல்லுங்கள்.

செப்டம்பர் பரிசோதனைக்குத் தேதி கிடைத்திருக்கும். அதைப் பக்கத்து வீட்டு அக்காளிடம் இந்த வாரமே சொல்லிவிடுங்கள். அன்று மறுத்தீர்களே என்று அவர் மனதில் வைத்திருக்கமாட்டார். பஸ்ஸுக்கு இரண்டு டிக்கெட் எடுங்கள்.