யானிபேவ் இரவுக்கு அழைப்பு வந்திருக்கும் தம்பிக்கு

தம்பி, எஸ்தோனியாவின் டார்ட்டு நகரில் உங்களுடன் படிக்கும் தோழர், ஜூன் 23 மாலை தம் தாத்தாவின் பண்ணை வீட்டில் யானிபேவ் என்னும் நடுக்கோடை விழாவைக் கொண்டாட அழைத்திருக்கிறார் என்றும், போகலாமா, நெருப்பைத் தாண்டச் சொல்வார்களா, என்னென்ன விளையாட்டுகள் இருக்கும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். கோடைக்காலப் பகுதிநேர வேலை, அறை வாடகை ஆகியவற்றைப் பற்றிப் பதில் சொல்ல ஆள்களுக்குப் பஞ்சமில்லை, அவற்றை விட்டுவிடுகிறேன்.

கட்டாயம் போங்கள். எஸ்தோனியர் ஒருவர் தம் குடும்பப் பண்ணை வீட்டிற்கு ஒருவரை அழைப்பது முகத்துக்காகச் சொல்லும் சொல் அன்று. நான் தலைநகர் டாலினுக்கு வந்த முதல் ஆண்டில் இப்படி ஒரு நாள் இருப்பதையே எவரும் எனக்குச் சொல்லவில்லை. அலுவலகத்தில் அனைவரும் முந்தைய நாளே கிளம்பிவிட்டார்கள். வீட்டுக்காரர் சொல்லாமல் கொள்ளாமல் ஊருக்குப் போய்விட்டார். குழாயில் வெந்நீர் நின்றுபோனதைச் சொல்லக்கூட ஆள் இல்லாமல், வெறிச்சோடிய தெருக்களில் நள்ளிரவு வரை நீடித்த வெளிச்சத்தில் தனியே நடந்தேன். அந்த மனத்தாங்கல் இன்னும் எனக்குத் தீரவில்லை.

யானிபேவ் ஜூன் 24 என்றாலும் கொண்டாட்டம் முந்தைய மாலையே தொடங்கிவிடும். ஜூன் 23 அவர்களுக்கு வெற்றி நாளும்கூட. 1919ஆம் ஆண்டு வென்னு என்னுமிடத்தில், அதாவது இன்றைய லாத்வியாவின் செசிஸ் நகரருகே, பால்டிக் ஜெர்மானியர் படையை எஸ்தோனியர் வென்றதன் நினைவு அது. ஆண்டுதோறும் அன்று காலை குடியரசுத் தலைவர் ஏற்றும் சுடர் மாவட்டங்களுக்குக் கொண்டுசெல்லப்படுகிறது. அன்றிரவு தேசியக் கொடியையும் இறக்குவதில்லை. சோவியத் ஆட்சியில் வெற்றி நாள் மறைந்துபோனாலும், கிராமங்களில் யானி நெருப்பு அணையவில்லை. இதைத் தெரிந்துகொண்டு போனால், அந்தத் தீயைச் சுற்றி அவர்கள் ஏன் அவ்வளவு நேரம் பேசாமல் நிற்கிறார்கள் என்பது ஓரளவு புரியும்.

நெருப்பைத் தாண்டுவது நம் தீமிதியைப் போன்ற நேர்த்திக்கடன் அன்று; கட்டாயமும் இல்லை. தீ எரிந்து தணிந்த பிறகே தாண்டுவார்கள். அப்போதும் வேட்டியோ நைலான் மேலங்கியோ அணிந்துகொண்டு கிட்டே போகாதீர்கள். ஒரு பொறி விழுந்தால் செயற்கை இழைத் துணி உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். இரவில் வெப்பம் பத்துப் பாகைக்கும் கீழே இறங்கக்கூடும், மழையும் வரும் என்பதால் கம்பளிச் சட்டை ஒன்று இருக்கட்டும்.

நெருப்பைவிட நான் அஞ்சுவது உண்ணிகளுக்குத்தான். உயரமான புல்லில் இருக்கும் உண்ணி கடித்தால் மூளை அழற்சி நோய் வரலாம். அதற்குத் தடுப்பூசி உண்டு. ஆனால் இரண்டாம் ஊசிக்கு முன் பல வாரங்கள் காத்திருக்க வேண்டியிருப்பதால் இப்போதே மருத்துவரைப் பாருங்கள். உண்ணியால் வரும் இன்னொரு நோயான லைம் நோய்க்குத் தடுப்பூசி இல்லை. ஆகவே கால்சட்டையைக் காலுறைக்குள் செருகிக்கொள்ளுங்கள். திரும்பியதும் முழங்கால் மடிப்பு, அக்குள் ஆகிய இடங்களைத் தேடிப் பாருங்கள். நம்மவர்களில் சிலர் இதையெல்லாம் வெள்ளைக்காரர்களின் பயம் என்று கேலி செய்வார்கள். அவர்களிடம் யோசனை கேட்க வேண்டாம்.

அடுத்தது குடியும் ஏரியும். நீராவிக் குளியலிலிருந்து எழுந்து நேரே ஏரியில் குதிப்பது அவர்கள் சிறுவயதுமுதல் பழகியது. கரிய நிறத்தில் இருக்கும் அந்தச் சதுப்பு நில ஏரிகளில் மேல்நீர் இளஞ்சூடாக இருந்தாலும், ஓரடிக்குக் கீழே உடலை விறைக்கச் செய்யும் குளிர் இருக்கும். குடித்திருந்தால் கரையிலேயே இருங்கள். காரோட்டுவதற்கு இரத்தத்தில் மதுவின் அளவு ஆயிரத்தில் 0.2 பங்கை எட்டவே கூடாது என்பது சட்டம். விடுமுறைக் காலங்களில் காவலர்கள் சாலையில் வரும் எல்லாரையும் ஊதச் சொல்வார்கள்.

விளையாட்டுகளைப் பற்றி எனக்குப் பேச நிறையவே இருக்கிறது. இருவர் எதிரெதிரே அமர்ந்து, உள்ளங்கால்களை ஒன்றோடொன்று அழுத்திக்கொண்டு, ஒரே தடியைப் பிடித்து மற்றவரை மேலே தூக்கும் பலப்பரீட்சை உண்டு. ஒல்லியானவர்கள் தயங்க வேண்டாம், உடல் எடையைவிடப் பிடிதான் முக்கியம். குர்னி விளையாட்டில், சதுரத்திற்குள் அடுக்கிய மரக்கட்டைகளைத் தொலைவிலிருந்து தடியெறிந்து வெளியே சிதறடிக்க வேண்டும். தெருவில் கிட்டிப்புள் ஆடி வளர்ந்த கைக்கு அது விரைவில் வசப்பட்டது. இன்று என் மனைவியின் ஊரில் அணி பிரிக்கும்போது முதலில் என்னை அழைக்கிறார்கள் என்பதைச் சற்றுப் பெருமையோடே சொல்லிக்கொள்கிறேன். மனைவியைச் சுமந்து ஓடும் போட்டி பின்லாந்தினுடையது என்றாலும், சொன்காயார்வியில் நடக்கும் அதன் உலகப் போட்டியில் 1998 முதல் 2008 வரை எஸ்தோனியர்களே வென்றார்கள். மனைவியைத் தலைகீழாக முதுகில் தொங்கவிட்டு, அவர் கால்களைக் கழுத்தைச் சுற்றிப் பிடித்துக்கொள்ளும் முறை எஸ்தோனியர் பெயராலேயே வழங்குகிறது.

ஊர் ஊஞ்சல் தனி உலகம். பெரிய மரச்சட்டத்தில் தொங்கும் பலகையில் பலர் எதிரெதிராக நின்று, முழங்காலை மடக்கி நிமிர்ந்து ஆட்டுவார்கள். முன்பு பாடிக்கொண்டே ஆடுவார்கள், இன்றும் பாட்டிகள் எவரேனும் இருந்தால் பாட்டு எழும். ஓடும் ஊஞ்சலின் முன்னால் குறுக்கே போவதுதான் அங்கே மிகப்பெரிய ஆபத்து. அந்த ஊஞ்சலிலிருந்து 1990களில் ஆடோ கோஸ்க் என்பவர் உருவாக்கிய விளையாட்டு கீக்கிங். அதில் நீட்டிச் சுருக்கக்கூடிய எஃகுத் தண்டுகள் இருக்கும். கால்களையும் கைகளையும் வாரால் கட்டிக்கொண்டு, தலைக்கு மேலே முழு வட்டம் சுற்ற வேண்டும். தண்டு நீள நீளக் கடினம் கூடும். 7 மீட்டரையும் தாண்டிச் சுற்றியவர்கள் இருக்கிறார்கள். ஆசையாக இருந்தால், குறுகிய தண்டில், பழகியவர் உடனிருக்க ஏறுங்கள். பந்தயம் கட்டி ஏறாதீர்கள்.

நள்ளிரவுக்கு மேல் சில இணையர்கள் பெரணிப் பூவைத் தேடிக் காட்டுக்குள் போவார்கள். பெரணி பூப்பதில்லை என்பது அவர்களுக்கும் தெரியும். டார்ச் விளக்கோடு உதவிக்குப் போய் நிற்காதீர்கள்.

எஸ்தோனியர்கள் யாருடனும் ஒட்டமாட்டார்கள் என்று ஆண்டுதோறும் புலம்பும் நம்மவர் கூட்டம், அதே இரவில் நகரத்துக் குடியிருப்பொன்றில் கதவைச் சாத்திக்கொண்டு பிரியாணி கிளறிக்கொண்டிருக்கும். அழைப்பை ஏற்றுப் போகும் சிலரும் கைப்பேசியில் படமெடுத்துவிட்டுப் பத்து மணிக்கே கிளம்பிவிடுகிறார்கள். நீங்கள் நண்பகலிலேயே போய் விறகு சுமக்கவும், வாசலில் பிர்ச் மரக் கிளை கட்டவும் கை கொடுங்கள். சாரேமா தீவில் முதல்முறை சென்றபோது, பழுதான பழைய படகொன்றை நெருப்புக்கு இழுத்துக்கொண்டிருந்தார்கள். நானும் போய்த் தோள் கொடுத்தேன். அதுவரை என்னிடம் ஒரு சொல்லும் பேசாதிருந்த என் இன்றைய மாமனார், தம் தந்தையார் அந்தப் படகில் மீன்பிடித்த கதையை விடியும்வரை சொன்னார். எனக்குப் பாதிதான் புரிந்தது, அவர் நிறுத்தவில்லை.

சைவம் என்று எழுதியிருக்கிறீர்கள். உருளைக்கிழங்குச் சாலட்டில் பெரும்பாலும் இறைச்சித் துண்டுகள் கலந்திருக்கும் என்பதால் கேட்டுவிட்டு உண்ணுங்கள். காளானும் மக்காச்சோளமும் மசாலா தடவி எடுத்துப் போனால் தணலில் சுட்டுக்கொள்ளலாம். எல்லாருக்கும் போதுமான அளவு எடுத்துக்கொள்ளுங்கள், உங்களுக்கே மிஞ்சாமல் போகக்கூடும். இரவில் திரும்பப் பேருந்து இருக்காது. கூடாரம் புதிதாக வாங்க வேண்டாம், தோழரிடமே கேளுங்கள், பண்ணை வீடுகளில் ஒன்றிரண்டு எப்போதும் கிடக்கும்.