மாற்றியமைத்த மினிக்கு டைமிங்: கூட்டுவதா, குறைப்பதா?

கேள்வி: என் பழைய 1275 சிசி மினியில் கேம்ஷாஃப்டை மாற்றினேன், ஹெட்டைச் சீவி கம்ப்ரஷனை 10.3க்கு ஏற்றினேன். பிளக்குகளுக்குப் பொறியைப் பகிரும் டிஸ்ட்ரிபியூட்டர் மட்டும் பழையதுதான். கையேட்டின்படி ஐட்லிங்கில் டைமிங் வைத்தால் செந்தூல் நெரிசலில் காடி இழுக்கவே மாட்டேன் என்கிறது. கெந்திங் ஏற்றத்தில் எஞ்சின் தட்டுகிறது. கூட்டவா, குறைக்கவா?
— வாசகர், கோலாலம்பூர்

இரண்டும்தான். பொறி எத்தனை டிகிரி முன்னதாக விழுகிறது என்பதுதான் அட்வான்ஸ். அதைக் கீழே, அதாவது குறைந்த சுற்றில், கூட்ட வேண்டும்; மேலே, அதாவது உயர்ந்த சுற்றில், குறைக்க வேண்டும். டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்புவதால் மட்டும் அது நடக்காது.

உங்கள் புதிய கேம்ஷாஃப்டில் வால்வுகள் கூடுதல் நேரம் திறந்திருக்கும். குறைந்த சுற்றில் சிலிண்டர் சரியாக நிரம்பாது, கலவை மெதுவாக எரியும். அதனால் பொறி முன்னதாகவே வேண்டும். சுற்று ஏறினால் நன்றாக நிரம்பும், கம்ப்ரஷனும் அதிகம், கலவை வேகமாக எரியும். அங்கே பழைய அளவுக்கு அட்வான்ஸ் கொடுத்தால் தட்டாமல் என்ன செய்யும்?

லூக்காஸ் டிஸ்ட்ரிபியூட்டரைப் பிரித்தால், சுற்று ஏற ஏற விரிந்து அட்வான்ஸைக் கூட்டும் எடைகளை ஒட்டிய கேம் தகட்டில் ஓர் எண் பொறித்திருக்கும். அது டிஸ்ட்ரிபியூட்டர் டிகிரி. பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் தண்டில் அது இரட்டிப்பாகும். 13 என்றிருந்தால் 26 டிகிரி. ஐட்லிங்கில் 10 வைத்தால் மேலே 36 ஆகிவிடும். உங்கள் எஞ்சினுக்கு மேலே 28 முதல் 30 வரை வைத்துத் தொடங்குங்கள். 9 என்று பொறித்த தகடு போட்டால் 18தான் ஏறும். கீழே 12, மேலே 30 என்று இரண்டு பக்கமும் சரியாக அமையும். தகட்டை மாற்றும்வரை மேல் அளவை 30க்குள் வைத்து ஓட்டுங்கள். கீழே சோம்பலாகத்தான் இருக்கும், ஆனால் பிஸ்டன் பிழைக்கும்.

பொறியோடு மின்னி அளவைக் காட்டும் டைமிங் லைட்டை நம்பும் முன் கிராங்க் புல்லியில் உள்ள குறியைச் சரிபாருங்கள். புல்லியில் அதிர்வைத் தணிக்கும் டாம்பரின் ரப்பர் கிழடாகி வளையம் நகர்ந்திருந்தால் எல்லா அளவும் பொய். முதல் சிலிண்டரின் பிளக் துளையில் பிஸ்டன் ஸ்டாப்பரைப் பூட்டி, கிராங்கைக் கையால் இரு பக்கமும் மெதுவாகத் திருப்பி முட்ட விடுங்கள். இரண்டு முட்டுக்கும் நடுவே இருப்பதுதான் பிஸ்டனின் உண்மையான உச்சி.

டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறந்து மூடும் பாயின்ட்டின் இடைவெளியை முதலில் வையுங்கள். பிறகு தொட்டால் டைமிங்கும் மாறும். எஞ்சினின் உறிஞ்சலால் அட்வான்ஸைக் கூட்டும் வெக்யூம் குழாயைக் கழற்றி அடைத்துவிட்டு, குறி நகர்வது நிற்கும்வரை சுற்றை ஏற்றி, அங்கேதான் அளக்க வேண்டும். இந்த மாதிரி கேம் உயர்ந்த ஐட்லிங்கில் ஓடுவதால் எடைகள் அப்போதே விரியத் தொடங்கியிருக்கலாம்; ஐட்லிங் அளவை நம்ப முடியாது. மினியில் டிஸ்ட்ரிபியூட்டரின் ரோட்டர் இடஞ்சுழியாகச் சுற்றும், எனவே டிஸ்ட்ரிபியூட்டரின் உடலை வலஞ்சுழியாகத் திருப்பினால் அட்வான்ஸ் கூடும்.

அப்புறம் வெக்யூம் குழாயை மாட்டிவிடுங்கள். பந்தயக் காடி மாதிரி தெரிய வேண்டும் என்று அதை அடைத்தே ஓட்டுபவர்கள் வீணாகப் பெட்ரோலை எரிக்கிறார்கள். முழு திராட்டிலில் வெக்யூம் அட்வான்ஸ் இருக்காது, ஏற்றத்தில் தட்டுவதற்கு அது காரணமில்லை.

இந்தக் கம்ப்ரஷனுக்கு ரோன் 97 பெட்ரோல் போடுங்கள். அப்படியும் ஏற்றத்தில் தட்டினால் இரண்டு டிகிரி குறையுங்கள். சூடான எஞ்சினில் ஸ்டார்ட்டர் திணறி உதைத்தால் கீழ் அளவு அதிகம் என்று பொருள்.