பில்லில் விண்டோஸ் என்று எழுதியிருக்கிறதா?

கேள்வி (மண்டபம்): மகள் இந்த வருஷம் கம்ப்யூட்டர் சயின்ஸ் சேருகிறாள். ராமநாதபுரத்தில் லேப்டாப் பார்த்தோம். ஒரே மாடலில் இரண்டு வகை. ஒன்றில் விண்டோஸ் இருக்கிறது. இன்னொன்று ‘டாஸ் மாடல்’, 4,500 ரூபாய் குறைவு. “டாஸ் எடுங்கக்கா, விண்டோஸும் ஆபீஸும் நானே போட்டுத் தர்றேன்” என்கிறார் கடைக்காரர். எடுக்கலாமா?

பதில்: டாஸ் மாடல் விலை குறைவதில் தில்லுமுல்லு எதுவும் இல்லை. விண்டோஸுக்கான உரிமத் தொகையைக் கம்பெனி கட்டவில்லை, அதனால் விலையில் குறைகிறது. திறந்தால் கறுப்புத் திரையில் நாலு வரி எழுத்துதான் வரும். வில்லங்கம் எல்லாம் “நானே போட்டுத் தர்றேன்” என்பதில்தான்.

4,500 ரூபாய் மிச்சமாகும் கணக்கில் யாரும் காசு கொடுத்து விண்டோஸ் வாங்கிப் போட்டுத் தரமாட்டார்கள். விண்டோஸ் 11 ஹோமைத் தனியாக முறைப்படி வாங்கினால் அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் ஆகும். அவர் போடப்போவது கிராக். பெரும்பாலும் பெரிய அலுவலகங்களுக்கான மொத்த உரிமத்தைப் போலியாகக் காட்டும் வித்தை அது. அப்படிப்பட்ட உரிமம் 180 நாளுக்கு ஒருமுறை தன் சர்வரைத் தொட்டுப் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். வீட்டு லேப்டாப்பில் அந்த வேலையை ஒரு திருட்டு புரோகிராம் பின்னால் உட்கார்ந்து செய்யும். அதைப் போடுவதற்கு முதலில் ஆன்டிவைரஸை நிறுத்தச் சொல்வார்கள். அந்த இடைவெளியில் கூடவே வேறு என்ன நுழைந்தது என்று உங்களுக்கும் தெரியாது, போட்டுக் கொடுத்தவருக்கும் தெரியாது.

கடையிலேயே சோதித்துவிடலாம். விண்டோஸ் பட்டனையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்துங்கள், சின்னப் பெட்டி ஒன்று வரும். அதில் எஸ், எல், எம், ஜி, ஆர் என்ற ஐந்து ஆங்கில எழுத்துகள், ஓர் இடைவெளி, ஒரு சாய்கோடு, ஒட்டினாற்போல் டி, எல், ஐ என்று தட்டி என்டர் கொடுங்கள். வருகிற பெட்டியில் ஓஇஎம் (கம்பெனியே போட்டது) அல்லது ரீட்டெயில் (தனியாக வாங்கியது) என்றிருந்தால் பெரும்பாலும் நல்லது. புது லேப்டாப்பில் வால்யூம், கேஎம்எஸ் (அந்த மொத்த உரிமத்தின் பெயர்கள்) என்றெல்லாம் இருந்தால் கிராக் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

சரி, எதை வாங்குவது? கம்ப்யூட்டர் படிக்கிற பிள்ளைக்கு டாஸ் மாடல் எடுத்து உபுண்டு (விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் இலவச லினக்ஸ் வகை) போட்டுக்கொள்வதும் நல்ல வழிதான். காசே கிடையாது, திருட்டும் கிடையாது. சி, பைத்தான், ஜாவா எல்லாம் அதில் ஓடும். ஆனால் வீட்டிலிருந்து எழுதும் சில ஆன்லைன் தேர்வுகளும் வேலைக்கான தேர்வுகளும் விண்டோஸைத்தான் கேட்கின்றன. ஒரு வார்த்தை கல்லூரித் துறையில் கேட்டுவிடுங்கள். கேட்க வழியில்லை என்றால் 4,500 ரூபாயைச் சேர்த்துக் கொடுத்து விண்டோஸ் மாடலையே எடுங்கள். அதற்குள்ளேயே லினக்ஸைப் போட்டுப் பழகும் வசதியை மைக்ரோசாஃப்ட்டே வைத்திருக்கிறது. உபுண்டுவுக்குள் விண்டோஸை ஓட்ட வேண்டுமென்றால் அதற்குத் தனியாக உரிமம் வாங்க வேண்டும்.

இன்னொன்றை இதைவிட அழுத்திச் சொல்வேன். புது லேப்டாப்பை முதல் முறை திறக்கும்போது மெயில் ஐடி கேட்கும். வேலை சீக்கிரம் முடியட்டும் என்று கடைப் பையன் தன்னுடைய மெயிலைப் போட்டு முடித்துவிடுவான். இப்போது வரும் விண்டோஸ் 11, டிஸ்க்கை அதுவாகவே பூட்டிக்கொள்கிறது. அந்தப் பூட்டின் 48 இலக்க மீட்பு எண் எந்த மெயிலில் தொடங்கினார்களோ அந்த மைக்ரோசாஃப்ட் கணக்கில் போய்ச் சேரும். இரண்டு வருஷம் கழித்து மதர்போர்டு பழுதாகி, நீலத் திரை அந்த எண்ணைக் கேட்கும்போது, அந்தப் பையன் திருப்பூரிலோ சவூதியிலோ இருப்பான். ப்ராஜெக்ட், போட்டோ எல்லாம் போய்விடும். மகளின் மெயிலை, மகளே தட்டச்சட்டும். எண்ணை ஒரு தாளில் எழுதி ரேஷன் கார்டு இருக்கும் கவரில் வையுங்கள்.

பெட்டியோடு ஆபீஸும் வருகிறது என்றால் ஆறு மாதத்துக்குள் அதே மெயிலில் ஏற்றிவிட வேண்டும். தவறினால் போனது போனதுதான். பில்லில் மாடல் எண்ணோடு ‘விண்டோஸ் 11’ என்றும் எழுதி வாங்குங்கள். எழுதிக் கொடுத்துவிட்டு வேறு ஏதாவது தள்ளிவிட்டால் நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் செய்யலாம், ராமநாதபுரத்திலுள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். 5 லட்சம் ரூபாய் வரை மனுவுக்குக் கட்டணம் இல்லை. பில் இல்லாமல் ‘போட்டுத் தந்த’ விண்டோஸைப் பற்றிப் புகார் செய்ய மட்டும் கையில் ஒன்றும் இருக்காது.

கேள்வி (தங்கச்சிமடம்): கருவாட்டு வியாபாரம். டேலியில் கணக்கு. விண்டோஸ் 10 இனி ஆகாது, மாற்று என்கிறார்கள். ஓடத்தானே செய்கிறது?

பதில்: ஓடும், நாளைக்கும் ஓடும். ஆனால் 2025 அக்டோபர் 14-ஓடு அதற்கான பாதுகாப்பு அப்டேட் நின்றுவிட்டது. தனிநபர்களுக்குக் கூடுதலாக ஒரு வருஷம், 2026 அக்டோபர் 13 வரை, பதிவு செய்துகொண்டால் கிடைக்கிறது. கணக்கு மட்டும் எழுதும் பெட்டி என்றால் இவ்வளவு சொல்லமாட்டேன். நீங்கள் அதிலேயே பேங்க் பரிமாற்றமும் செய்வீர்களே, அதுதான் பயம்.

பிராசஸர் பெயரைப் பாருங்கள். ஐ5-7400 என்று இருந்தால் ஏழாம் தலைமுறை. விண்டோஸ் 11 ஏற்காது. ஐ5-8400 என்றால் எட்டு, காசில்லாமலே ஏறும். எட்டாக இருந்தும் ‘டிபிஎம் (பாதுகாப்புச் சிப்) இல்லை’ என்று சொன்னால் பதறி விற்றுவிடாதீர்கள். பயாஸில் (கம்ப்யூட்டர் தொடங்கும்போது திறக்கும் அமைப்புத் திரை) அணைத்து வைக்கப்பட்டிருக்கும், தெரிந்தவர் ஐந்து நிமிஷத்தில் போட்டுவிடுவார். ஏழும் அதற்குக் கீழும் என்றால் புதிது வாங்குங்கள், லினக்ஸ் பக்கம் போகாதீர்கள். டேலி விண்டோஸுக்காகவே செய்யப்பட்டது. மார்ச் கணக்கை முடித்துவிட்டு, ஏப்ரல் 15-இல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கி விசைப்படகெல்லாம் கரையேறி நிற்கும்போது மாற்றினால் தடுமாற அவகாசம் இருக்கும்.

கேள்வி (தேவிபட்டினம்): ஜெராக்ஸ், டிடிபி கடை வைத்திருக்கிறேன். இரண்டு புது கம்ப்யூட்டர் போடப்போகிறேன். “ரெண்டுலயும் உபுண்டு போடுங்க மாமா, வைரஸே வராது” என்கிறான் அக்கா மகன்.

பதில்: மருமகப் பிள்ளை சொல்வதில் பாதி சரி.

பத்திரிகை அடிக்கும் பெட்டியில் கை வைக்க விடாதீர்கள். கோரல்டிரா லினக்ஸுக்கு வருவதில்லை. வானவில், பாமினி எழுத்துருவில் இத்தனை வருஷம் அடித்து வைத்த கல்யாணப் பத்திரிகையும் காதுகுத்து நோட்டீஸும் இருக்கும். எழுத்துருவை லினக்ஸில் ஏற்றிவிடலாம், ஆனால் அந்த விசைப்பலகையில் தட்டச்சுவதற்கு நம் கடைகளில் வைத்திருக்கும் என்எச்எம் ரைட்டர் விண்டோஸுக்கானது. ஆதாருக்கு விரல் வைக்கும் கருவி இருந்தால் அதற்கும் பெரும்பாலும் விண்டோஸ்தான், இல்லையென்றால் ஆண்ட்ராய்டு.

பிறகு பிரின்டர். நம் ஊர்க் கடைகளில் பாதி கேனான் எல்பிபி 2900-ஐ வைத்துத்தான் பிழைக்கின்றன. அடித்துத் தள்ளும், கெடாது, டோனரும் எங்கும் கிடைக்கும். ஆனால் லினக்ஸில் அதை ஓட்டுவது பெரும் பாடு. ஒரு அப்டேட் வந்தால் நின்றுவிடும், அன்றைக்கென்று பார்த்து ஹால் டிக்கெட் எடுக்கப் பிள்ளைகள் வரிசை கட்டி நிற்கும். எப்சன் இங்க் டேங்க், எச்பி வகைகளில் இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை.

முன் மேஜைப் பெட்டிக்கு அவன் சொல்வது முழுக்கச் சரி. வருகிறவர்கள் எல்லாரும் பென்டிரைவை நீட்டுவது அங்கேதான். ஃபைலெல்லாம் மறைந்து ஷார்ட்கட்டாக மாறும் அந்த வைரஸ் ஒரு கடையிலிருந்து இன்னொரு கடைக்குத் தாவுவது இப்படித்தான். அது விண்டோஸுக்கென்று எழுதப்பட்டது, லினக்ஸில் ஒன்றும் செய்யாது. அந்தப் பெட்டியில் லினக்ஸ் மின்ட் (உபுண்டுவை வைத்துச் செய்த இன்னொரு லினக்ஸ்) போடுங்கள். விண்ணப்பம் நிரப்ப பிரவுசர், பிடிஎஃப், லிப்ரே ஆபீஸ் போதும். வேர்டு ஃபைல் சில சமயம் அதில் வரி தள்ளிப்போய்த் தெரியும், அப்படிப்பட்டதை மட்டும் உள் பெட்டிக்கு அனுப்புங்கள்.

வாங்குவதற்கு முன்னால் அவனை ஒரு பென்டிரைவில் மின்ட்டை ஏற்றிக்கொண்டு வரச் சொல்லுங்கள். டிஸ்க்கைத் தொடாமல் அதிலிருந்தே ஓட்டலாம். உங்கள் பிரின்டரில் ஒரு தாள், ஸ்கேனரில் ஒரு தாள் எடுத்துக் காட்டட்டும். அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

கேள்வி (கீழக்கரை): வாப்பா துபாயிலிருந்து மேக்புக் வாங்கி வரட்டுமா என்கிறார்கள். பி.காம். படிக்கிறேன்.

பதில்: மேக் நல்ல பெட்டி. தமிழ்99, அஞ்சல் விசைப்பலகைகள் அதிலேயே இருக்கின்றன. ஆனால் பி.காமுக்கு டேலி வேண்டுமே தம்பி! இப்போதைய எம் வரிசை (ஆப்பிளின் சொந்தச் சிப்) மேக்கில் முன்போல விண்டோஸைத் தனியாகப் பதிந்து ஓட்டவும் முடியாது. அந்தக் காசில் இங்கேயே நல்ல விண்டோஸ் லேப்டாப் வாங்கலாம், பில்லும் வாரண்டியும் உள்ளூரிலேயே இருக்கும். அங்கிருந்துதான் வரும் என்றால், கீபோர்டில் அரபி எழுத்து இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சார்ஜர் முனை அங்கத்திய சதுரக் கால் மூன்றாக இருக்கும், நம் பிளக்கில் நுழையாது. எந்தக் கம்பெனியாக இருந்தாலும் அந்த வாரண்டி இந்தியாவில் செல்லுமா என்று பில் போடும்போதே கேட்கச் சொல்லுங்கள்.

கேள்வி (ராமேஸ்வரம்): புது விண்டோஸ் லேப்டாப். போன் ஹாட்ஸ்பாட்டில்தான் நெட். மதியத்துக்குள் அன்றைய டேட்டா முழுக்கத் தீர்ந்துபோகிறது.

பதில்: அப்டேட்தான் குடிக்கிறது. செட்டிங்ஸில் நெட்வொர்க், வைஃபை, உங்கள் ஹாட்ஸ்பாட்டின் பெயர் என்று உள்ளே போய் ‘மீட்டர்டு கனெக்‌ஷன்’ என்பதை ஆன் செய்யுங்கள். பெரிய அப்டேட்டுகள் காத்திருக்கும். ஒன்டிரைவ் (மைக்ரோசாஃப்ட்டின் இணையச் சேமிப்பு) போட்டோக்களை மேலே ஏற்றிக்கொண்டிருந்தால் அதையும் நிறுத்துங்கள். ஒரேயடியாக அப்டேட் இல்லாமலும் விட்டுவிடக் கூடாது. முக்கியமான அப்டேட் ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை அமெரிக்காவில் வெளியாகும், நமக்கு அது ராத்திரி. அந்த வாரக் கடைசியில் ஃபைபர் இருக்கும் உறவினர் வீட்டுக்கு லேப்டாப்பை எடுத்துப்போய், சார்ஜரில் போட்டு, அப்டேட் முடியும்வரை மூடாமல் வையுங்கள்.