அழியும் நிலையிலுள்ள இத்தாலியப் பாதாம் இரகங்கள்: கேள்வி பதில்

கேள்வி: சிசிலியின் பழைய இரகங்களை எதை வைத்து மதிப்பிடுவது?

பதில்: விளைச்சலை மட்டும் பார்த்தால் அவற்றில் பல தேறாது. கலிபோர்னியாவின் நான்பரெய்ல் இரகக் கொட்டையில் எடையின் பெரும்பங்கு பருப்பு. சிசிலியின் அவோலா ஊர் இரகமான பிட்சூத்தாவில் ஓடுதான் அதிகம். ஆயினும் பிட்சூத்தாவின் பருப்பு தட்டையாக, நீண்டு, ஒரே சீராக இருப்பதால், சர்க்கரை பூசிய திருமண மிட்டாய் செய்பவர்கள் அதையே விரும்பி வாங்குகிறார்கள். இன்னொரு சிசிலி இரகமான ரோமானாவில் ஒரே ஓட்டுக்குள் இரட்டைப் பருப்பு அடிக்கடி உருவாவதால் அது மிட்டாய்க்கு ஏற்றதன்று. அரைத்துச் செய்யும் இனிப்புகளில் அதன் சுவைக்குத் தனி மதிப்பு உண்டு. பூக்கும் காலம், பனியைத் தாங்கும் திறன், இரட்டைப் பருப்பின் விகிதம் ஆகியவற்றை ஒரே நிலத்தில் பல பருவங்கள் பதிவு செய்த பிறகே முடிவு சொல்ல வேண்டும். சிசிலியின் அக்ரிஜெந்தோ நகரிலுள்ள கோயில் பள்ளத்தாக்கில் சுமார் 300 இரகங்கள் ஒன்றாக வளர்வதால் அந்த ஒப்பீடு அங்கே சாத்தியமாகிறது.

கேள்வி: விதையைச் சேமித்து வைத்தால் போதாதா?

பதில்: போதாது. பெரும்பாலான பாதாம் இரகங்கள் தம் மகரந்தத்தால் காய்ப்பதில்லை. ஆகவே விதையிலிருந்து எழுவது வேறொரு மரம், அது கசப்புப் பாதாமாகவும் இருக்கலாம். ஒட்டுக் கட்டி, குறைந்தது இரண்டு இடங்களில் வளர்ப்பதுதான் வழி.

கேள்வி: தானே காய்க்கும் குவாரா போன்ற புதிய இரகங்கள் இருக்கையில் பழையவற்றுக்கு ஏன் செலவிட வேண்டும்?

பதில்: ஸ்பெயினில் 1987இல் புதிய இரகமாக அறிமுகமான குவாராவும், இத்தாலியின் பூலியா பகுதியின் பழைய இரகமான துவோனோவும் ஒன்றே என்று மரபணுச் சோதனை பின்னர் காட்டியது. நீங்கள் புதியது என்று போற்றுவது உழவர்கள் முன்பே காத்து வைத்திருந்த மரம்.

கேள்வி: அப்படியானால் துவோனோவை மட்டும் காத்தால் போதுமே?

பதில்: இந்த வாதத்தை நான் வன்மையாக மறுக்கிறேன். பிரான்சின் லோரான், ஸ்பெயினின் அந்தோனியேத்தா ஆகிய இரண்டும் துவோனோவின் வாரிசுகள். ஒரே மூலத்தின் வழிவந்த மரங்களையே எங்கும் நட்டால், அவற்றுக்குப் பொதுவான பலவீனமும் எங்கும் பரவும். அடுத்த நோய்க்கு எதிர்ப்பு எந்த இரகத்தில் இருக்கிறது என்பதை, அந்த இரகம் உயிரோடு இருந்தால்தான் தேட முடியும்.

கேள்வி: பாதாம் கொட்டையை முளைக்க வைத்து அதே இரகத்தைப் பெறலாமா?

பதில்: மேலே விதை பற்றிய பதிலைப் படியுங்கள்.

கேள்வி: எங்கள் தெருவிலுள்ள நாட்டு வாதுமை மரமும் இதில் சேருமா?

பதில்: சேராது, அது வேறு குடும்பத்து மரம்.

கேள்வி: பூலியாவில் கைவிடப்பட்ட தோட்டம் ஒன்றில் பெயர் தெரியாத மரம் நிற்கிறது. ஒட்டுக்குச்சி வெட்டி நண்பர்களுக்கு அனுப்பலாமா?

பதில்: அனுப்பவே கூடாது. ஸ்பெயினின் மயோர்கா தீவில் பாதாம் மரங்களைக் காய வைத்த சைலெல்லா பாக்டீரியா, கலிபோர்னியாவிலிருந்து வந்த ஒட்டுக்குச்சிகளோடு நுழைந்தது என்பதே ஆய்வாளர்களின் முடிவு. அங்கே அது கண்டறியப்பட்ட 2016ஆம் ஆண்டுக்கு முன்பே நெடுங்காலம் பரவியிருந்தது. பூலியாவின் தென்பகுதியிலும் அந்தப் பாக்டீரியா இருக்கிறது. மரத்தையும் காயையும் படமெடுத்து, இடத்தைக் குறித்து, தாவர நலத் துறைக்குத் தெரிவியுங்கள். சோதனைக்குப் பிறகு அவர்களே குச்சி எடுக்கட்டும்.