ஹிப்போகம்பஸ் சுருங்கியிருக்கிறதாம்: மூளை கரைகிறதா?

கேள்வி: மகளுக்கு 26 வயது. ஏழு வருடமாக வலிப்பு. வயிற்றுக்குள்ளிருந்து ஏதோ மேலே எழும்புவதாகச் சொல்வாள்; பிறகு வாயைச் சப்பிக்கொண்டு, உடுப்பைப் பிசைந்தபடி ஒரு நிமிடம் போல வெறித்துப் பார்ப்பாள். மாதத்தில் மூன்று நான்கு தரம் இப்படி வரும். வருடத்தில் ஓரிரு முறை விழுந்து கைகால் வெட்டும். கார்பமசபின் 200 மில்லிகிராம் காலையும் இரவும் போடுகிறாள். எம்.ஆர்.ஐ ரிப்போட்டில் இடது ஹிப்போகம்பஸ் சுருங்கியுள்ளது, மீசியல் டெம்போரல் ஸ்கிளிரோசிஸ் என்று எழுதியிருக்கிறது. மூளை கரைந்துகொண்டு போகிறதா? குளிசைதான் காரணமா? நிறுத்தலாமா? (ஒரு தாய், சாவகச்சேரி)

பதில்: குளிசையை நிறுத்தவேண்டாம். மற்ற எதையும் வாசிக்க முன்னர் இதை மனதில் வையுங்கள். கார்பமசபினைத் திடீரென விட்டால், நிற்காமல் தொடரும் வலிப்பு வரலாம். மூளைக் கலங்களை உண்மையாகவே கொல்வது அந்த நிலைதான்.

ஹிப்போகம்பஸ் என்பது காதுக்கு நேர் உள்ளே, டெம்போரல் சோணை எனும் மூளையின் பக்கப் பகுதியின் உட்பக்கத்தில் இருக்கும் சின்னப் பகுதி. புதிய விடயங்களை ஞாபகத்தில் பதிப்பது அதன் வேலை. மகளுக்கு அங்கே நரம்புக் கலங்கள் குறைந்து, அந்த இடத்தைத் தழும்பு பிடித்திருக்கிறது; ரிப்போட்டில் உள்ள ஸ்கிளிரோசிஸ் என்பது இதுதான். 1880 இலேயே சொம்மர் என்ற ஜெர்மன் வைத்தியர் வலிப்பு நோயாளரின் மூளையில் இதைக் கண்டு எழுதினார். மருந்துக்கு அடங்காத டெம்போரல் வலிப்பில் மிக அதிகமாகக் காணப்படும் மாற்றம் இதுதான். வயிற்றிலிருந்து எழும்பும் உணர்வு, வாய் சப்புதல், உடுப்பைப் பிசைதல் என்று நீங்கள் எழுதியவை எல்லாம் இந்த இடத்துக்கே உரிய அடையாளங்கள்.

சுருக்கம் மட்டும் தெரிந்தால் போதாது. சாதாரண ஆட்களிலும் வலது ஹிப்போகம்பஸ் இடதை விடச் சற்றுப் பெரிதாக இருக்கும்; தலை சாய்ந்தபடி படம் எடுத்தாலும் ஒரு பக்கம் சிறிதாகத் தெரியும். சுருக்கத்தோடு அதே இடம் ஃபிளேர் என்ற வகை எம்.ஆர்.ஐ படத்தில் வெள்ளையாகவும் இருந்தால்தான் ஸ்கிளிரோசிஸ் என்று உறுதியாகச் சொல்லலாம். ரிப்போட்டில் இரண்டும் இருக்கிறதா என்று கேளுங்கள். ஹிப்போகம்பஸின் நீளத்துக்குக் குறுக்காக வெட்டிய கொரோனல் படங்களும், ஒரு மில்லிமீற்றர் தடிப்புள்ள முப்பரிமாணப் படங்களும் கொண்ட 'வலிப்பு புரோட்டகோல்' வேண்டும். சீ.ரி. ஸ்கானில் இந்த மாற்றம் பெரும்பாலும் பிடிபடாது. பழைய சீ.ரி. 'நோர்மல்' என்று வந்ததைப் பெரிதாக எடுக்காதீர்கள்.

வலிப்பால் தழும்பு வந்ததா, தழும்பால் வலிப்பு வந்ததா? இரண்டு திசையிலும் நடக்கும். குழந்தையில் காய்ச்சலோடு அரை மணித்தியாலத்துக்கு மேல் நீடித்த வலிப்பு, மூளைக்காய்ச்சல், கடுமையான தலைக்காயம் ஆகியவை பல வருடங்கள் சத்தமில்லாமல் இருந்துவிட்டுப் பதின்ம வயதில் வலிப்பாக வெளிவரலாம். நீண்ட வலிப்பில் குளூட்டமேற் என்ற இரசாயனம் அளவுக்கு மீறிச் சுரந்து, கல்சியம் கலத்துக்குள் பாய்ந்து கலம் சாகிறது. தப்பிய கலங்கள் தமக்குள் பிழையான இணைப்புகளைப் போட்டுக்கொள்கின்றன. அடுத்த வலிப்புக்கு அதுவே வழி. மகளுக்கு ஐந்து வயதுக்கு முன் காய்ச்சல் வலிப்பு வந்ததா, எவ்வளவு நேரம் நீடித்தது என்பதை ஞாபகப்படுத்தி வைத்தியரிடம் சொல்லுங்கள். ரிப்போட்டில் இல்லாத அந்தத் தகவலைத் தாய்தான் தரமுடியும்.

இனிமேலும் தேயுமா என்றால், தேயலாம். 2019 இல் வெளிவந்த லண்டன் ஆய்வொன்றில், ஓரிடத்திலிருந்து கிளம்பும் வலிப்பு உள்ளோருக்கு மூளையின் மேற்பட்டை வயதால் மெலிவதைப்போல இரண்டு மடங்குக்கும் மேலான வேகத்தில் மெலிவது தெரியவந்தது. பயப்பட முன்னர் இதையும் கவனியுங்கள்: மில்லிமீற்றரின் சிறு பின்னக் கணக்கில் நடப்பது இது, கணினி அளந்தால்தான் தெரியும், முதுமையில் வரும் மறதிநோய் வேறு. ஒரு நிமிட வெறித்த பார்வை ஒவ்வொன்றும் மூளையில் ஒரு துண்டைத் தின்கிறது என்று கணக்குப் போடவேண்டாம். வலிப்பு கிளம்பும் இடத்தை வெட்டி எடுக்கும் சத்திரசிகிச்சை செய்தவர்களில் அந்த மெலிவு நின்றதை அதே குழுவினர் அடுத்த வருடம் காட்டினார்கள். வலிப்பை நிறுத்துவதற்கு அவசரப்பட இதைவிட நல்ல காரணம் வேறில்லை.

குளிசை மேல் பழி போடுவதற்கு ஓரளவு காரணம் உண்டு, ஆனால் உங்கள் மகளின் குளிசை மேல் அல்ல. ஃபெனிற்றோயின் என்ற வலிப்பு மருந்தை நீண்டகாலம் கூடிய அளவில் எடுத்தால் சிறுமூளை சுருங்கலாம். வல்ப்ரோயேற் என்ற மற்றொரு வலிப்பு மருந்து அரிதாக மூளை சுருங்கியதுபோல் காட்டும்; நிறுத்தினால் திரும்பிவிடும். கார்பமசபின் ஹிப்போகம்பஸைச் சுருக்குவதில்லை.

நீங்கள் கேட்காத ஒன்றைத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன். நாளொன்றுக்கு 400 மில்லிகிராம் என்பது வளர்ந்தவருக்குத் தொடக்க அளவு போன்றது. வழமையாக 800 முதல் 1200 வரை தேவைப்படும். மாதம் நான்கு வலிப்பு வந்தும் ஏழு வருடம் அதே அளவில் இருந்திருந்தால், இந்த மருந்தை அவள் இன்னும் சரிவரப் பரீட்சித்துப் பார்க்கவே இல்லை. அளவை நீங்களாகக் கூட்டக்கூடாது. யாழ் போதனா வைத்தியசாலையின் நரம்பியல் கிளினிக்கில் கேளுங்கள். இரத்தத்தில் சோடியம் பார்த்து, படிப்படியாகக் கூட்டுவார்கள். இரட்டைப் பார்வை, தள்ளாட்டம் வந்தால் அளவு கூடிவிட்டது என்று அர்த்தம். இதற்கும் அடங்காவிட்டால் லெவெற்றிரசிற்றம் போல இன்னொன்று. பொருத்தமான இரண்டு மருந்துகளைப் போதிய அளவில் எடுத்தும் நிற்காவிட்டால், அதற்கு 'மருந்துக்கு அடங்காத வலிப்பு' என்று பெயர். மூன்றாவது, நான்காவது மருந்து என்று வருடங்களைக் கழிப்பது அதன்பிறகு வீண்.

அந்தக் கட்டத்தில் சத்திரசிகிச்சைக்கான பரிசோதனை. 2001 இல் கனடாவில் 80 பேரைச் சீட்டுப்போட்டு இரண்டாகப் பிரித்துப் பார்த்தபோது, ஒரு வருடத்தின் பின் சுயநினைவு தடுமாறும் வலிப்பு இல்லாதிருந்தவர்கள் சத்திரசிகிச்சைப் பக்கம் 58 வீதம், மருந்துப் பக்கம் 8 வீதம். ஒரு பக்கத்தில் மட்டும் தெளிவான ஸ்கிளிரோசிஸ் உள்ளவர்களுக்கு வாய்ப்பு நல்லது. அந்த வகையில் அந்த ரிப்போட் ஒரு நல்ல செய்தியும்தான். கொழும்பு தேசிய வைத்தியசாலையில் வலிப்புக்கெனத் தனிப் பிரிவு உண்டு. கிளினிக்கில் கடிதம் வாங்கிப் போகவேண்டும். வீடியோவோடு பல நாள் ஈ.ஈ.ஜி (மூளையின் மின் பதிவு) எடுப்பார்கள், ஞாபகசக்தியும் சோதிப்பார்கள். இடது பக்கம் பெரும்பாலும் சொல் ஞாபகத்துக்கு உரியது. இப்போது அது நன்றாக இருப்பவர்களுக்கே வெட்டியபின் இழப்பு அதிகம். ஆகவே அந்தச் சோதனை அவளுடைய தாய்மொழியில் நடக்கவேண்டும். சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ செய்தால், மொழி தெரியாததை மறதி என்று எழுதிவிடுவார்கள். தமிழ் தெரிந்த ஒருவரை முன்கூட்டியே கேளுங்கள்.

வல்லாரைச் சம்பல் சாப்பிடட்டும், ருசியாக இருக்கும். செத்த கலத்தை அது மீட்காது. 'மூளை ரொனிக்'கும் அப்படித்தான். மறதிக்கு நித்திரைக் குறைவும் மனச்சோர்வும் பெரிய காரணங்கள், இரண்டுக்கும் வைத்தியம் உண்டு.

வீட்டில் செய்யவேண்டியது: வலிப்பு வரும்போது போனில் வீடியோ எடுங்கள். ஒரு கொப்பியில் திகதி, நேரம், எத்தனை நிமிடம், முதல்நாள் நித்திரை, தவறிய குளிசை, மாதவிடாய் நாள் எல்லாம் எழுதுங்கள். விழுந்தால் பக்கவாட்டில் திருப்பிவிடுங்கள். கையில் இரும்பு, திறப்பு திணிக்கவேண்டாம். வாய்க்குள் எதையும் வைக்கவேண்டாம். ஐந்து நிமிடம் தாண்டினால், அல்லது நினைவு திரும்ப முன் அடுத்தது வந்தால் 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அடியுங்கள். கிணற்றுக் கட்டில் நின்று தண்ணீர் அள்ளுவதும், தனியே குளிப்பதும், மோட்டார் சைக்கிள் ஓடுவதும் இப்போதைக்கு வேண்டாம்.

நல்லூர்த் திருவிழா, கந்தசஷ்டி காலங்களில் வலிப்பு கூடலாம். விரதத்தை விட, அதோடு வரும் நித்திரை விழிப்பும் தவறும் குளிசையுமே காரணம். விரதத்திலும் குளிசையைத் தண்ணீரோடு எடுக்கலாம். தவறினால் நினைவு வந்தவுடன் எடுக்கவேண்டும். அடுத்த வேளையில் இரட்டிப்பாக வேண்டாம். கார்பமசபின் குளிசை ஈரப்பதன் பட்டால் வீரியத்தில் மூன்றில் ஒரு பங்கை, சிலவேளை அதற்கு மேலும் இழக்கலாம். அடுப்படியில் வைக்காமல் இறுக்கமாக மூடிய போத்தலில் உலர்ந்த இடத்தில் வையுங்கள்.

கலியாணப் பேச்சு நடக்கிறதென்றால் அதையும் கிளினிக்கில் சொல்லுங்கள். கார்பமசபின் கருத்தடைக் குளிசையின் வேலையைக் குறைக்கும். பிள்ளைக்கு முயற்சிக்க முன்னரே ஃபோலிக் அமிலம் தொடங்கவேண்டும். மருந்தை மாற்றுவதென்றால் அதற்கும் முன்னரே மாற்றவேண்டும். வல்ப்ரோயேற் எழுதிக் கொடுத்தால் ஏன் என்று கட்டாயம் கேளுங்கள், வயிற்றிலுள்ள சிசுவை அது கடுமையாகப் பாதிக்கும்.