சும்மா நடக்கிறதுக்கு ஒரு காடு

தங்கச்சி, லீவுக்கு ஊருக்கு வந்த இடத்துலதான் உன் கேள்வியைப் பார்த்தேன். குலசேகரத்துல அம்மா வீட்டுத் திண்ணையில இருந்து எழுதுறேன். "ஜெர்மனியில ஃப்ரைபுர்க் வந்து நாலு மாசம் ஆச்சு அக்கா. ஞாயிற்றுக்கிழமை ஒரு கடை கிடையாது, தெருவுல ஒரு ஆள் கிடையாது. காட்டுக்குள்ள நடந்துட்டு வா, மனசு லேசாகும்னு வார்டுல எல்லாரும் சொல்றாங்க. ரெண்டு தடவை போனேன், பயமும் அழுகையும்தான் வந்தது. எதுக்கு இப்படிச் சும்மா நடக்கணும்?"னு கேட்டிருக்க.

மார்த்தாண்டத்துக்காரி உனக்கு அப்படித் தோணாட்டாதான் அதிசயம். நமக்குக் காடு, தோட்டம்னா வேலை. எங்க அப்பா விடியுமுன்ன நெத்தியில லைட்டைக் கட்டிட்டு ரப்பர் வெட்டப் போவாரு. லீவு நாள்ல நானும் தம்பியும் ஒட்டுப்பால் பிய்ச்செடுக்கப் போவோம். வெறகு பொறுக்கப் போவோம். சானல்கரையில கையை வீசிட்டு ஒருத்தர் நடந்தா அவருக்குச் சுகர்னு அர்த்தம். வேலையில்லாம நடக்கிறதை எங்க இருந்து கத்துக்க?

எனக்கும் முதல் வருஷம் அந்தக் காடு செத்த இடம் மாதிரிதான் தெரிஞ்சது. ஒரு குருவிச் சத்தம் இல்ல, மத்தியானமே இருட்டு. ஒருநாள் நின்னு பார்த்தேன். மரமெல்லாம் ஒரே வயசு, ஒரே இடைவெளி, நூல் பிடிச்ச மாதிரி வரிசை. அட, இது யாரோ வச்ச விளை! பழைய மரங்களை வெட்டி, கட்டுமரம் மாதிரி கட்டி ரைன் ஆத்துல ஹாலந்து வரைக்கும் மிதக்கவிட்டு வித்திருக்காங்க. மொட்டையான மலைகள்ல 19-ஆம் நூற்றாண்டுல ஃபிக்டெங்கிற ஊசியிலை மரமா நட்டிருக்காங்க. ரப்பர் விளையில வளர்ந்தவளுக்குப் பிறகு என்ன பயம்? நடுவுல ஏணி வச்ச மரக்கூண்டு நிக்கும் பாரு, அதைக் கண்டும் பயப்படாத. பேச்சிப்பாறைக்கு மேல காணிக்காரங்க கட்டுற ஏறுமாடம் மாதிரிதான், ஆனா யானைக்குப் பயந்து இல்ல, பன்னியும் மானும் சுடுறவங்க உட்கார.

யாரு காடுன்னும் யோசிக்க வேண்டாம். தனியார் காடா இருந்தாலும் காத்து வாங்க யாரும் நடக்கலாம்னு 1975-லயே சட்டம் இருக்கு. மரத்துல மஞ்சள் டைமண்ட் அடையாளம் இருந்தா உள்ளூர்ப் பாதை. சிவப்பு டைமண்ட், அது ஃபோர்ட்ஸ்ஹைம்ல இருந்து பாஸல் வரைக்கும் போற வெஸ்ட்வேக்ங்கிற நெடுந்தூர நடைபாதை, 285 கிலோமீட்டர். அதுல ஏறிட்டு வீட்டுக்கு வழி தேடாத. டிசம்பர்ல நாலரைக்கே சூரியன் விழுந்திரும், ரெண்டு மணிக்கு முன்னாடி கிளம்பு.

நான் சொல்றது ஒண்ணுதான்: ஒரே பாதையில போ. அழகான இடம் தேடி வாராவாரம் மாத்தாத. ஒரு வளைவுல ஒரு மரத்தை உன் மரம்னு வச்சுக்கோ. என்னோடது ஒரு பூகெ மரம், இங்கிலீஷ்ல பீச், தொட்டா யானைக்கால் மாதிரி சாம்பல் நிறத் தோல். குளிர்காலம் முழுக்க அதுல ஒண்ணும் நடக்காது, சும்மா பார்த்துட்டு வருவேன். ஏப்ரல் கடைசியில மொட்டு பிரிஞ்சு இலை வந்தது, விசிறி மாதிரி மடிப்பு மடிப்பா, ஓரத்துல பூனை ரோமம் மாதிரி நனுத்த மயிரு. ஒண்ணைப் பறிச்சு மென்னேன். புளியங்கொழுந்து மாதிரி ஒரு புளிப்பு! அன்னைக்குத்தான் அந்த ஊரு எனக்குக் கொஞ்சம் ஒட்டிச்சு.

அதுக்காகக் கண்டதையும் வாயில வைக்காத. வசந்தத்துல பூண்டு வாசத்தோட கிடக்கிற பேர்லாவ்க் கீரையும், விஷமான மைக்லொக்ஷென் இலையும் அச்சு அசல் ஒண்ணு போல இருக்கும். பறிச்ச கையிலயே வாசம் ஒட்டிக்கிறதால மோந்து பார்த்தும் ஏமாறுவோம்.

நம்ம மலையில அட்டைன்னா உப்பு போட்டாப் போச்சு, அங்க உண்ணி. எண்ணெய் ஊத்தாத, சாமணம் வச்சுத் தோலோட ஒட்டிப் பிடிச்சு மெல்ல இழு. கடிச்ச இடத்தைச் சுத்திச் சிவப்பு வட்டம் பெருசாச்சுன்னா டாக்டரைப் பாரு, நர்ஸுக்கு நான் சொல்லணுமா. உண்ணி கடிச்சு வர்ற மூளைக்காய்ச்சலுக்கு எஃப்எஸ்எம்ஈ ஊசி மூணு தவணை, இன்சூரன்ஸ்லயே கிடைக்கும், இப்பவே தொடங்கு.

இன்னொண்ணு, தெருவுல முகம் பார்க்காதவங்ககூட காட்டுப் பாதையில எதிர்ப்பட்டா ஹலோ சொல்வாங்க. முந்திட்டு நீயே சொல்லு.

இன்னைக்குக் காலையில காலு சும்மா இருக்கல. திற்பரப்பு ரோட்டுல நடக்கப் போனேன். இது ரப்பர் இலை சிவந்து உதிர்ற நேரம், தோட்டம் பூரா செம்பு நிறம். அங்க அக்டோபர்ல நான் நூறு போட்டோ எடுக்கிற அதே நிறம், இங்க ஒருதடவையும் எடுத்ததில்ல. எங்க எடுக்க? ரெண்டு பைக் நின்னாச்சு, "எங்க மக்ளே போற, ஏறு, விட்டிருதேன்." சாயாக்கடை மாமா, "வண்டி கேடா?"ன்னாரு. இல்ல மாமா, சும்மா நடக்கேன்னேன். கிளாஸை வச்சிட்டு ஏற இறங்கப் பார்த்தாரு.

"உனக்கும் வந்தாச்சா? எவ்வளவு இருக்கு சுகரு?"