கத்திரி வெயிலும் பழைய ஸ்போர்ட்ஸ் காரும்: கூலிங், சஸ்பென்ஷன் கேள்வி-பதில்

எம்ஜிபி மாதிரி பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் வச்சிருக்கவங்ககிட்ட இருந்து ரெண்டு மாசமா சேர்ந்து கிடந்த கேள்விங்க இது. வருஷா வருஷம் நடக்குற கதைதான், அழகர் ஆத்துல இறங்கிட்டு மலைக்குத் திரும்புன கையோட பாதி பேருக்கு வண்டி கொதிக்குது, மீதி பேருக்கு வண்டி ஆடுது. ஒரே மாதிரி வந்ததை ஒண்ணா சேத்துட்டேன், உங்க ஊர் பேர் இல்லைன்னு கோவிச்சுக்காதீங்க.

அண்ணே, என் எம்ஜிபி ரெம்ப ஹீட் ஆகுது. என்ன பார்ட் வாங்கணும்? (திருமங்கலம்)

எப்ப, எங்க ஹீட் ஆகுதுன்னு சொல்லாம நான் என்னத்த சொல்ல? கோரிப்பாளையம் சிக்னல்ல நிக்கும்போது ஏறி, வண்டி நகர ஆரம்பிச்சதும் இறங்குதுன்னா காத்து பத்தல, ஃபேனையும் பெல்ட்டையும் பாருங்க. விருதுநகர் ரோட்டுல 80ல போகும்போது ஏறுதுன்னா ரேடியேட்டர் அடைச்சிருக்கும், இல்ல டைமிங் ரிட்டார்டு ஆகியிருக்கும் (ஸ்பார்க் லேட்டா விழும்), இல்ல மிக்ஸ்சர் லீனா ஓடும் (பெட்ரோல் கம்மி, காத்து ஜாஸ்தி). காலையில ஆறின இன்ஜினை ரேடியேட்டர் மூடியைத் திறந்து வச்சு ஸ்டார்ட் பண்ணும்போதே குமிழ் குமிழா வருதுன்னா ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவுல இருக்கிற ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம். ஒவ்வொண்ணுக்கும் வைத்தியம் வேற. மீட்டர் முள் உண்மையச் சொல்லுதான்னுகூட நீங்க பாக்கல. கையில பிடிக்கிற ஒரு இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் வாங்கி தெர்மோஸ்டாட் (சூட்டுக்குத் தக்க தண்ணி போற வழியைத் திறந்து மூடுற வால்வு) ஹவுசிங்ல காட்டிப் பாத்துட்டு, நம்பரோட திரும்ப எழுதுங்க. அதுவரைக்கும் பார்ட் எதுவும் வாங்காதீங்க. சூடா இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவும் செய்யாதீங்க.

1965 எம்ஜிபி. எலக்ட்ரிக் ஃபேன் மாட்டினேன், நல்லா சுத்துது, ஆனா கூலிங் முன்னைவிட மோசமாயிருச்சு. (கே.கே. நகர்)

நல்லா சுத்துது சரி, எந்தப் பக்கமா சுத்துது? 1967 வரைக்கும் வந்த எம்ஜிபி எல்லாம் பாசிட்டிவ் எர்த், அதாவது பேட்டரியோட பிளஸ் பக்கம்தான் பாடியில மாட்டியிருக்கும். இப்ப கடையில கிடைக்கிற ஃபேனோட கறுப்பு வயரை அப்படியே பாடியில மாட்டினா அது தலைகீழா சுத்தி, கிரில் வழியா வர்ற காத்தோட மல்லுக்கட்டும். கிரில்லுக்கு முன்னாடி ஒரு பேப்பரைப் பிடிங்க, உள்ள இழுத்தா சரி, தள்ளிவிட்டா வயரை மாத்துங்க.

இன்னொண்ணு, உங்க வண்டியில இருக்கிறது 22 ஆம்ப் டைனமோ (இன்ஜின் ஓடும்போது கரண்ட் தர்ற பழைய மாடல் சாமான்). ஃபேன் ஒரு 8, 10 ஆம்ப் திங்கும், ராத்திரி ஹெட்லைட்டு அதே அளவு, அதுக்கு மேல இக்னிஷன், வைப்பர். ஃபேன் தேவைப்படுறதே சிக்னல்ல நிக்கும்போதுதான், ஐடில்ல டைனமோ கிட்டத்தட்ட ஒண்ணுமே தராது, எல்லாம் பேட்டரியில இருந்துதான் போகும். அதனால முதல்ல ஐடில்லயும் கரண்ட் தர்ற ஆல்டர்னேட்டர், அதோட நெகட்டிவ் எர்த்துக்கு மாத்துற வேலை, அதுக்கு அப்புறம்தான் ரிலே, ஃபியூஸ் வச்சு ஃபேன். நீங்க கடைசியில செய்ய வேண்டியதை முதல்ல செஞ்சிருக்கீங்க.

மெக்கானிக் தெர்மோஸ்டாட்டைக் கழட்டிட்டார். "நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்கு"ன்னார். இப்ப முள் கீழயே நிக்குது. இப்படியே விட்டுரலாமா? (மேலூர், இன்னும் நாலு பேர்)

விடக் கூடாது. இதை எத்தனை தடவை எழுதினேன்னு எனக்கே கணக்கு இல்ல.

இந்தப் பழக்கம் அம்பாசிடர் டாக்ஸி காலத்துல வந்தது. அதுல இருந்த 1489 சிசி இன்ஜினும் எம்ஜிபியோட 1798 சிசியும் ஒரே பி-சீரிஸ் குடும்பம், அதனால அதே கை, அதே வைத்தியம். தெர்மோஸ்டாட் வண்டியைக் குளிர வைக்கிற சாமான் இல்லங்க, இன்ஜின் ஒரு அளவுக்குக் கீழ குளிராம பாத்துக்கிற சாமான். வெயில் ஊருக்கு 74 டிகிரி, சாதாரணத்துக்கு 82. அந்தச் சூட்டுல திறக்க ஆரம்பிச்சு, இன்னும் ஒரு 10, 15 டிகிரியில முழுசா திறந்துரும். அதுக்கு மேல அது திறந்து கிடக்குற கதவு, அவ்வளவுதான். நல்லா வேலை செய்யுற தெர்மோஸ்டாட்டால வண்டி கொதிச்சதா சரித்திரமே இல்ல. ஒட்டிக்கிட்ட தெர்மோஸ்டாட்டால கொதிக்கும், அதுக்குப் புதுசு போடணும், தூக்கி வீசக் கூடாது.

கழட்டினா என்ன ஆகும்? ஹைவேல இன்ஜின் 60 டிகிரியிலயே ஓடும், பெட்ரோல் சரியா எரியாம சிலிண்டர் போர் சுவருல இருக்கிற ஆயிலைக் கழுவும், ஆயில்ல சேருற ஈரம் ஆவியாகாது. நான் வாங்கின முதல் வண்டியில ஆயில் மூடியைத் திறந்தா அடியில வெண்ணெய் மாதிரி மஞ்சளா அப்பிக் கிடந்துச்சு, வித்தவர் அதைப் "புது ஆயில் சார்"ன்னார், நானும் நம்பினேன். பிரிச்சுப் பாத்தா சிலிண்டர் போர்ல நகம் மாட்டுற அளவுக்குப் படி மாதிரி தேய்மானம். சிலிண்டரைக் கடைஞ்சு பெருசாக்குற ரீபோர், பிஸ்டன், எல்லாம் சேத்து அந்த வருஷம் போனஸ் பூரா போச்சு. ஒரு சின்னப் பித்தளை வால்வைக் கழட்டினதுக்கு!

அதோட, தெர்மோஸ்டாட் தர்ற அந்தத் தடையில ஹெட்டுக்குள்ள கொஞ்சம் பிரஷர் நிக்கும், எக்ஸாஸ்ட் வால்வு பக்கத்துல தண்ணி ஆவியாகாம இருக்க அது உதவும். ரேஸ் ஓட்டுறவன்கூட சும்மா கழட்டிட்டு விடமாட்டான், அந்த இடத்துல தடை தர்ற ஒரு வளையம் (ஸ்லீவ்) போடுவான்.

சரி, அப்ப உங்க வண்டி ஏன் முதல்ல கொதிச்சுச்சு? என் கணக்குப்படி தண்ணி. போர்வெல் தண்ணியில வெந்நீர் போடுற பாத்திரத்துல வெள்ளையா படியுதே, அதேதான் பிளாக்குக்குள்ளயும் ரேடியேட்டர் டியூபுலயும் படிஞ்சிருக்கு. ரேடியேட்டரைக் கழட்டி ராடு விட்டு சுத்தம் பண்ணுங்க, பிளாக் டிரெயின் பிளக்கைத் திறந்து சேறு வர்றவரை ஃப்ளஷ் பண்ணுங்க, அப்புறம் கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி. ரெடிமிக்ஸ் கூலன்ட்னா அதுல ஒரு சொட்டு தண்ணிகூடக் கலக்காதீங்க. புது தெர்மோஸ்டாட்டை மாட்டுறதுக்கு முன்னாடி ஒரு சட்டித் தண்ணியில நூல் கட்டித் தொங்கவிட்டு அடுப்புல வச்சு, திறக்குதான்னு பாருங்க. வீட்டம்மா திட்டுனா பழைய சட்டியா எடுங்க.

அலுமினிய ரேடியேட்டர் போடலாமா?

பழைய பித்தளை ரேடியேட்டர்ல புது கோர் (தண்ணி ஓடுற டியூப் பகுதி) போட்டாலே போதும், நம்ம ஊர்ல சால்டர் (ஈயப்பத்து) வைக்க ஆள் இருக்கு, அலுமினியம் ஓட்டையானா அலையணும்.

முன்னாடி காயில் ஸ்பிரிங்ல ஒரு சுத்து கட் பண்ணி ரெண்டு இன்ச் இறக்கலாம்னு இருக்கேன். பழைய கார் கெத்தா இருக்கும்ல? (அண்ணா நகர்)

நத்தம் ரோடு மேம்பாலத்துல மட்டும் ஓட்டுறதா இருந்தா செய்யுங்க. கீழ இறங்குனதும் முதல் ஸ்பீடு பிரேக்கர்ல இன்ஜின் அடியில இருக்கிற ஆயில் சம்ப் உக்காரும். சுத்தைக் குறைச்சா ஸ்பிரிங் கடினமாகும், சக்கரம் மேலயும் கீழயும் போற தூரம் (டிராவல்) குறையும், சக்கரத்தைத் தாங்குற விஷ்போன் கோணம் மாறி டயர் ஒரு பக்கமா தேயும். கேஸ் வச்சு சூடு பண்ணி இறக்குறேன்னு யாராவது சொன்னா சாவியை வாங்கிட்டு வீட்டுக்கு வந்துருங்க.

லெவர் ஆர்ம் ஷாக்கை எடுத்துட்டு டெலஸ்கோபிக் போட்டா நல்லா இருக்குமா?

லெவர் ஆர்ம்னா ஒரு கை அசைஞ்சு ஆயிலைத் தள்ளுற பழைய மாடல் ஷாக் அப்சார்பர், டெலஸ்கோபிக்னா இப்ப வர்ற குழாய் மாடல். முதல்ல உங்க லெவர் ஆர்ம்ல ஆயில் இருக்கான்னு பாத்தீங்களா? கேக்குற பத்துப் பேர்ல எட்டுப் பேர் பாத்ததில்ல. மேல இருக்கிற பிளக்கைச் சுத்தமா துடைச்சிட்டுத் திறங்க, மண்ணு உள்ள விழுந்தா கதை முடிஞ்சது. ஆயிலை நிரப்பி, ஆர்மைக் கையால மேலயும் கீழயும் அசைங்க. இடையில எங்கயும் லூசா விடாம இறுக்கமா போச்சுன்னா ஷாக் உசுரோட இருக்கு. ஷாஃப்ட்டுல ஒழுகுதுன்னா ரீபில்ட். பின்னாடி டெலஸ்கோபிக் போடலாம், தப்பில்ல, ஆனா பிராக்கெட்டை ஆளுக்கொரு கோணத்துல வெல்டு வைக்கிறாங்க. ஒரு நேரத்துல ஒரு மாத்தம்தான் செய்யணும். ஷாக், ஸ்பிரிங், புஷ் (மூட்டுல வர்ற ரப்பர்) மூணையும் ஒரே நாள்ல மாத்திட்டு "வண்டி இழுக்குது"ன்னு எழுதினா எதைன்னு நான் சொல்ல?

ஸ்டாண்டர்டு ஹெரால்டு. மாசாமாசம் முன் ட்ரனியனுக்கு நல்லா கிரீஸ் அடிக்கிறேன், ஆனாலும் ஸ்டியரிங் இறுக்கம். (காரைக்குடி)

கிரீஸ் அடிக்கிறதுதான் வியாதியே. ட்ரனியன்ங்கிறது முன் சக்கரம் ஸ்டியரிங்குக்குத் திரும்புற மரை மூட்டு. ஹெரால்டும் ட்ரையம்ஃப் வண்டிதான், அந்த ஹெரால்டு குடும்பத்துக்கு, ஸ்பிட்ஃபயர் சேத்து, அங்க இபி-90 கியர் ஆயில்தான். கிரீஸ் அந்த மரை அடிவரைக்கும் போகாது, தண்ணி தேங்கித் துரு பிடிக்கும், ஒருநாள் மரையோட ஒடிஞ்சு சக்கரம் மடங்கிரும். இந்த வாரமே கழட்டிப் பாருங்க, அதுவரைக்கும் ஓட்டாதீங்க. விளையாட்டுக்குச் சொல்லல.

பாலியூரித்தேன் புஷ் போட்டதுல இருந்து கீச் கீச்சுன்னு சத்தம்.

சிலிக்கோன் கிரீஸ் தடவாம மாட்டியிருக்காங்க. கழட்டித் தடவுங்க.

புது ஷாக், புது ஸ்பிரிங், வளைவுல இன்னும் வழுக்குது.

டயர் பக்கவாட்டுல இருக்கிற நாலு நம்பரைப் படிங்க, முதல் ரெண்டு வாரம், அடுத்த ரெண்டு வருஷம். நீங்க அனுப்பின போட்டோவுல 11ன்னு முடியுது. டயர் பேருக்குத்தான் ரப்பர், இப்ப அது மரக்கட்டை.

வத்தலகுண்டு வழியா கொடைக்கானல் போகணும். மலை ஏறும்போது சிவப்புக்குப் போயிருமோன்னு பயம். (பழங்காநத்தம்)

போறதுக்கு முன்னாடி ரேடியேட்டர் மூடியை மாத்துங்க. கொடைக்கானல் சுமார் 2100 மீட்டர், அங்க பிரஷர் இல்லாத தண்ணி 93 டிகிரியிலயே கொதிக்கும். 7 பவுண்டு (பிஎஸ்ஐ) பிரஷர் மூடி சரியா பிடிச்சா அது ஒரு 10 டிகிரிக்கு மேலயே தள்ளிப் போகும், ரப்பர் வெடிச்ச மூடி ஒண்ணும் பிடிக்காது. ரேடியேட்டருக்கு என்ன பவுண்டோ அதையே போடுங்க, கூடுதலா போட்டா பழைய சால்டர் பிரியும். காலையில 5 மணிக்குக் கிளம்புங்க, சின்ன கியர்ல இன்ஜினைத் திணற விடாம ஏத்துங்க. முள் ஏறுச்சுன்னா ஓரங்கட்டி, உடனே ஆஃப் பண்ணாம ரெண்டு நிமிஷம் கொஞ்சம் வேகமா ஐடில்ல விடுங்க. மூடியைத் தொடாதீங்க, மறுபடியும் சொல்றேன். எதுக்கும் முடியலைன்னா ஹீட்டரை முழுசா திறந்து விடுங்க, அதுவும் ஒரு குட்டி ரேடியேட்டர்தான். பக்கத்துல உக்காந்திருக்கவங்க திட்டுவாங்க, கூரையை மடக்கிருங்க.